முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் எழும்பிய சனிக்கிழமை

தூத்துக்குடியில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி, எழும்பினபடியே நின்றுபோன அந்த வைகாசி மாதச் சனிக்கிழமையன்றுதான், ஹெப்சிபா டீச்சர் தன் முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாகப் புருஷனிடம் ஒரு முழுப் பொய்யைச் சொன்னாள். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் கால் பொய், அரைப் பொய், எந்த வீட்டிலும் சொல்லுகிற பொய். இது தலையும் காலும் வைத்துத் தைத்த பொய்.

"நாசரேத்துல பெண்கள் உபவாச ஜெபம். மத்தியானம் கெளம்புனா வெளக்கு வைக்கதுக்குள்ள வந்துருவேன்" என்றாள்.

மின்சார வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவரும், சபையின் செயலாளரும், ஓய்வு பெற்று நாலு வருடமான பிறகும் சட்டைப் பையில் கரண்ட் டெஸ்டரைக் குத்திக்கொண்டே தூங்கி எழுகிறவருமான செல்வின் ஐசக், பேப்பரை இறக்காமலே, "குடைய எடுத்துக்கோ" என்றார். அந்த வீட்டில் சினிமாப் பாட்டு கிடையாது, டி.வி.யில் செய்தி மட்டும் உண்டு, கீர்த்தனைப் புத்தகத்தில் இல்லாத எதையும் முணுமுணுக்கக்கூடாது. அது யாரும் போட்ட சட்டமில்லை. தூசி மாதிரி தானாகவே படிந்தது.

விஷயம் இதுதான். பத்து நாளுக்கு முன்பு பழைய பேருந்து நிலையத்துச் சுவரில் ஒரு இருமல் மருந்து விளம்பரத்தின் மேல் புதிதாக ஒட்டிய போஸ்டரை டீச்சர் பார்த்தாள். நாலு கிழவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றார்கள். ‘லெவல் கிராஸிங் – ஐம்பதாவது ஆண்டு – நேரடி ராக் நிகழ்ச்சி – ராஜகனி மஹால் – மாலை சரியாக நான்கு மணி’. அதைப் படித்ததும் டீச்சர் கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அவள் மெட்ராஸில் கணக்குப் பாடம் படித்தபோது, விடுதியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ரயில்வேக்காரர்களின் மன்றம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மூன்று சாயங்காலம் அங்கே இதே லெவல் கிராஸிங் வாசித்தது. போக அனுமதி இல்லை. ஜன்னலைத் திறக்கவும் அனுமதி இல்லை. ஹெப்சிபா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, ஈரச் சுவரில் காதை ஒட்டவைத்து, மூன்று சாயங்காலமும் கேட்டாள். சுவர் பாட்டின் வார்த்தைகளை எல்லாம் தன்னிடம் வைத்துக்கொண்டு, டிரம்மின் இடியையும் தடித்த கிதாரின் முழக்கத்தையும் மட்டும்தான் அவளுக்கு விட்டது. அதிலும் மூன்றாவதாக ஒரு பாட்டு, தும்-தும் என்று மெதுவாக நடந்து வந்து, ஏதோ பெரிய இழவைச் சொல்லி அழுவது போல அவளுக்குத் தோன்றியது. அந்தத் தும்-தும்மை வைத்துக்கொண்டுதான் அவள் பரீட்சை எழுதினாள், வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் கட்டினாள், மகளைப் பெற்று வளர்த்துக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாள், முப்பது செட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேற்றினாள். ஆனால் அதை வாசித்தவர்களை அவள் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆகவே சனிக்கிழமை அவள் வேதப்புத்தகத்தையும் குடையையும் பைக்குள் வைத்து, நாசரேத் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் ஐந்து நிமிடம் நின்று, பிறகு எதிர்ப்பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினாள். சொன்ன பொய்யில் பாதியாவது மெய்யாக இருக்கட்டும் என்று அன்றைக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ராஜகனி மஹாலில் காலையில் ஒரு கல்யாணம் நடந்திருந்தது. வாசலில் கட்டின வாழைமரங்களை இன்னும் அவிழ்க்கவில்லை. வரவேற்பு மேஜையிலிருந்த அம்மாள், தன் வேலை முடிந்ததா இல்லையா என்று யாரும் சொல்லாததால், ராக் கேட்க வந்த துறைமுக அதிகாரிகளுக்கும், தலைமுடி வளர்த்த கல்லூரிப் பையன்களுக்கும், இரும்புக்கடை முதலாளிக்கும், உப்பளத்து மேஸ்திரிகளுக்கும், மீன் ஏலக்காரப் பெண்கள் ஆறு பேருக்கும் ஒருவர் விடாமல் பன்னீர் தெளித்துக் கற்கண்டு கொடுத்தாள். மேடையில் ‘ஜெனிபர் – ராபின்சன்’ என்று தெர்மாகோல் எழுத்து மின்னியது. அதற்குக் கீழே, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருந்த சிவப்பு வெல்வெட் சிம்மாசனத்தில், முட்டியில் பட்டை கட்டியிருந்த பாடகர் டெஸ்மண்ட் உட்கார்ந்திருந்தார், அவரால் அதிக நேரம் நிற்க முடியாது என்பதால். டிரம் வாசிக்கிற ஆர்ச்சி, மூக்கில் உறிஞ்சுகிற மருந்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குச்சிகளைக் கையிலெடுத்தார். ஆறு மணிக்கெல்லாம் முடித்து, மாத்திரை போட்டு, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் நாலு மணிக் கச்சேரி.

கிழவர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

முதல் பாட்டில் மின்விசிறிகள் நடுங்கின. இரண்டாவது பாட்டில், முன்வரிசையிலிருந்த, டீச்சரின் சபை ஆர்கன்காரர் ஞானதிரவியம், பத்தொன்பது வயதிலிருந்து நாற்பத்து மூன்று வருடமாகக் கீர்த்தனைகளை மட்டுமே வாசித்துவந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றதை டீச்சர் பார்த்தாள். அவர் திரும்பி டீச்சரைப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல மேடையைப் பார்த்தார்கள். மூன்றாவதாக அந்தத் தும்-தும் வந்தது. இந்தத் தடவை நடுவில் சுவர் இல்லாததால் வார்த்தைகளும் கூடவே வந்தன. அது மாமியாரின் குடையை ரயிலில் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து, ஜோலார்பேட்டைக்கும் மெட்ராஸுக்குமாக ஒரு வாரம் போய்ப் போய் வருகிற ஒருவனின் பாட்டு. முப்பத்தெட்டு வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்த துக்கம் ஒரு குடைக்காக என்று தெரிந்ததும், டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டி நின்று, எது முதலில் வெளியே வருவது என்று தெரியாமல், இரண்டு விரல் வாய்க்குள் போய், மஹாலின் கூரை அதிரும்படி ஒரு விசிலாக வெளியே வந்தது.

அப்போதுதான் எழும்பினார்கள். யாரும் குதிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. நாற்காலியிலிருந்தவர்கள் நாற்காலிக்கு மேலே ஒரு சாண், நின்றவர்கள் தரைக்கு மேலே ஒரு சாண், பால் பொங்குவதுபோல ஒரே சீராக எழும்பி நின்றார்கள். கச்சேரி முடிந்து செருப்பைத் தேடினபோதுதான் பலருக்கு அது தெரிந்தது. அறுநூற்று இருபத்து நாலு செருப்புகளும் கீழே தரையில் அப்படியே கிடந்தன. காலைக் கொண்டுபோய் நுழைக்கத்தான் முடியவில்லை.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த ஆர்ச்சியிடம் இரும்புக்கடை முதலாளி போய்க் கேட்டார். ஆர்ச்சி எட்டிப் பார்த்தார்.

"ஓ, இங்கேயுமா? ஒண்ணும் பயப்படாதீங்க. சில ஊர்ல எறங்கிடும், சில ஊர்ல எறங்காது. போத்தனூர்ல ஒருத்தரு நாப்பது வருஷமா அப்படியேதான் இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு" என்றார். பிறகு நாலு கிழவர்களும் ஆட்டோ ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள்.

டீச்சர் வீட்டுக்கு வந்தபோது செல்வின் ஐசக் கதவைத் திறந்தார். எப்போதும் தன் நெஞ்சளவில் பார்த்துப் பழகின முகம் தன் முகத்துக்கு நேராக நிற்பதைக் கண்டார். குனிந்து பார்த்தார். டெஸ்டரை எடுத்து அவள் காலுக்கும் வாசல்படிக்கும் நடுவே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விட்டு எடுத்தார். டெஸ்டரின் விளக்கு எரியவில்லை.

"எப்சி, அங்க என்ன ஜெபம் பண்ணுன?" என்றார்.

பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது டீச்சருக்கு. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த மனிதர், கரண்ட் கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டே கீழே இருப்பவர்களைத் திட்டிப் பழகின மனிதர், வாசலிலேயே முழங்காலில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் சொல்லவில்லை.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து குறை சொன்னார்கள். நிலைவாசலில் இடித்து நெற்றி புடைத்தவர்கள் கட்டுப்போட்டுத் திரிந்தார்கள். பஸ்ஸில் சீட்டுக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்தவனுக்குச் சீட்டில் உட்கார்ந்ததாகக் கணக்கா, நின்றதாகக் கணக்கா என்று கண்டக்டர்கள் டிப்போவுக்கு எழுதிக் கேட்டார்கள். செருப்புக் கடைக்காரர்கள் கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் எடை மெஷின் அவர்களுக்குப் பூஜ்யம் காட்டியது. டாக்டர் அதையே எழுதிக்கொண்டு, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். ஆனால் கால் தடம் பதியாமல் பாத்திக்கு மேலேயே நடந்துபோய் வேலை பார்க்கிறவர்களை உப்பள முதலாளிகளுக்குப் பிடித்துப்போனது. தரகர்கள் ஜாதகத்தோடு ‘பையன் தரையா, மேலேயா’ என்றும் விசாரித்தார்கள். ஒரு மாதத்துக்குள் டீக்கடைகளில் ஒரு பெஞ்சு உயரமாகவும் ஒரு பெஞ்சு பழையபடியும் கிடந்தது, அது ஆதியிலிருந்தே அப்படிக் கிடந்ததுபோல. ஹெப்சிபா டீச்சரின் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மேல்பாதி முதல் முறையாகப் பயன்பட்டது. பரீட்சை ஹாலில் காலடிச் சத்தமே இல்லாமல் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதால், காப்பி அடிப்பது அந்த வருடத்தோடு ஒழிந்தது.

ஆனால் எழும்பினவர்களை ஊர் இரண்டாகப் பிரித்துவிட்டது. முன்னூற்றுப் பதினோரு பேர் ‘ஆட்டம் போடப் போய் அந்தரத்தில் தொங்குகிறவர்கள்’. ஒரே ஒருத்தி மட்டும் ‘ஜெபத்தில் எழும்பினவர்’. சபைப் போதகர் ஜேசுதாசன் ஐயா எதையும் விசாரித்துத்தான் செய்வார். அவர் நாசரேத்துக்குப் போன் போட்டு, உங்கள் உபவாச ஜெபத்தில் எங்கள் டீச்சரம்மா எழும்பினது மெய்தானா என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமை அங்கே மெய்யாகவே ஒரு ஜெபம் நடந்திருந்தது. அப்பேர்ப்பட்ட அற்புதம் தங்கள் கூடத்தில் நடந்து தாங்கள் கவனிக்கவில்லை என்று எப்படிச் சொல்லுவார்கள்? மூன்றாவது வரிசையில் பார்த்தோம் என்றார்கள். ரொம்ப உயரம் போய்விடக்கூடாதே என்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டவர்களே நாங்கள்தான் என்று இரண்டு பெண்கள் சாட்சியும் சொன்னார்கள்.

சர்ச் வாசலில் டீச்சர் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். மீதி முன்னூற்றுப் பதினோரு பேரும் அந்த ஃபிளெக்ஸைக் கடந்து தினமும் போனார்கள், வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் காதிலும் அந்த விசில் இருந்தது. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. மீன் ஏலக்காரப் பெண்கள் அவளை மார்க்கெட்டில் பார்த்தால் வாய்க்குள் சிரித்துக்கொண்டு, நல்ல விளைமீனாக எடுத்துப் போட்டுவிட்டு, "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றார்கள்.

டீச்சருக்கு இதையெல்லாம்விட வீட்டில் நடந்ததுதான் தாங்கமுடியாததாக இருந்தது. செல்வின் ஐசக் அவளிடம் பிரியமாகிவிட்டார். காலையில் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் நாள் உப்பைப் போட்டுவிட்டார், இரண்டாம் நாள் சர்க்கரையைக் கண்டுபிடித்தார். தினமும் இன்ச் டேப்பால் அவள் உயரத்தை அளந்து டைரியில் குறித்துக்கொண்டார். கட்டிலுக்கு ஒரு சாண் மேலே அவள் தூங்குவதால் குளிரும் என்று போர்வையை இரண்டு பக்கமும் செருகிவிட்டார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். முப்பத்தோரு வருடத்தில் அவர் அவளிடம் கேட்டதெல்லாம் "சாப்பாடு ஆச்சா?" என்றுதான், அதற்கும் இதற்கும் உள்ள தூரம் டீச்சருக்குத் தெரியும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்து, ஒவ்வொரு நாளும் அந்தக் காப்பியைக் குடித்தாள்.

அப்படியே ஐந்து வாரம் ஓடியது. இதற்கிடையில் சபைக் கமிட்டி கூடி, ஆர்கன்காரர் ஞானதிரவியத்தை வேலையிலிருந்து நிறுத்தியது. ஆட்டத்துக்குப் போனவர் என்பது ஒரு காரணம். அவர் கால் ஆர்கனின் பெடலுக்கு எட்டவில்லை என்பது இன்னொன்று. பிறகு கமிட்டியே ஒரு வழியும் கண்டுபிடித்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஹெப்சிபா டீச்சர் அவர் தலையில் கைவைத்து ஜெபிக்கட்டும். கெட்ட வழியில் எழும்பினவர் நல்ல வழியில் எழும்பினவரின் கைபட்டு இறங்குவார். இறங்கினால் ஆர்கன் அவருக்கே. தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் செயலாளர் செல்வின் ஐசக்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொள்ளாத கூட்டம். நாசரேத்திலிருந்து இரண்டு வேன் வந்திருந்தது. ஞானதிரவியம் இஸ்திரி போட்ட வேட்டி கட்டி, தலைக்கு நிறைய எண்ணெய் தேய்த்து, முன்னால் வந்து தலைகுனிந்து நின்றார். டீச்சர் அவர் தலையில் கைவைத்தாள். கண்ணை மூடினாள். பின்வரிசைக்காரர்கள் அவர் காலைப் பார்க்க எக்கி நின்றார்கள்.

ஞானதிரவியம் உதட்டை அசைக்காமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "டீச்சர், பயப்படாதீங்க. நீங்க ஆமென் சொன்னதும் நான் முட்டிய லேசா மடக்கிக்கிடுதேன். வேட்டி தரையத் தொட்டுரும். எறங்குன மாதிரியே இருக்கும். வீட்ல ரெண்டு நாளா நடந்து பாத்துட்டேன்."

"என்னத்துக்கு அண்ணாச்சி?" என்றாள் டீச்சர், கண்ணைத் திறக்காமல்.

"நான் எறங்கலன்னா ஒங்க பேரு கெட்டுருமே."

முட்டியை மடக்கியபடி இனிமேல் எத்தனை வருடம் நடப்பார் என்று டீச்சர் நினைத்துப் பார்த்தாள். ஆர்கனும் வாசித்துக்கொண்டு, முட்டியும் மடக்கிக்கொண்டு, அறுபத்திரண்டு வயதில். கையை எடுத்தாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேச அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இவர் எறங்க வேண்டாம். நான் அன்னைக்கு நாசரேத்துக்குப் போகல. ராஜகனி மஹாலுக்குத்தான் போனேன். இவருக்குப் பின்னால ரெண்டாவது வரிசைல நின்னேன். இவராவது சும்மா நின்னார். நான் விசிலடிச்சேன்."

சர்ச்சில் இருந்த அத்தனை கண்ணும் அவள் முகத்திலிருந்து காலுக்கு இறங்கியது. பொய் உடைந்தால் கீழே விழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். டீச்சரும்தான் காத்திருந்தாள், விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கையால் பெஞ்சைக்கூடப் பற்றிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாண் ஒரு சாணாகவே இருந்தது.

ஜேசுதாசன் ஐயா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "டீச்சரம்மா... விசிலா?"

"ஆமா ஐயா. ரெண்டு விரல வச்சு."

சேலைத் தலைப்பைப் பிடித்த இரண்டு பெண்களும் அது வேறு யாரோ போல என்று வேனைப் பார்க்கப் போனார்கள். செல்வின் ஐசக் எழுந்தார். கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பக்கவாட்டு வாசல் வழியாக, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

சபை அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள இரண்டு வாரம்தான் எடுத்தது. ஞானதிரவியத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த எலக்ட்ரானிக் கீபோர்டில், திருவிருந்தின் நடுவே ஏதோ பொத்தானில் கைபட்டு, டிஸ்கோ தாளம் ஆறு நிமிடம் நிற்காமல் ஓடியது. அணைக்கத் தெரிந்தவர் எவருமில்லை. மறுநாளே கமிட்டி ஆசாரியைக் கூப்பிட்டு, ஆர்கன் பெடலுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை அடிக்கச் சொன்னது. பெண்கள் டீச்சரிடம் ஜெபம் கேட்டு வருவதை நிறுத்தவில்லை. விசிலடித்த பிறகும் இறக்கிவிடப்படாதவள் என்றால் அதுவும் ஒரு காரியம்தானே என்று அவர்களாகவே ஒரு நியாயம் வைத்துக்கொண்டார்கள். வெட்கப்படுவதற்கு யாருக்கும் நேரமிருக்கவில்லை, டீச்சரைத் தவிர.

வீட்டில் செல்வின் ஐசக் பதினோரு நாள் பேசவில்லை. காப்பி நின்றது. இன்ச் டேப் அலமாரிக்குள் போனது. அவர் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புகிற வேகத்திலிருந்தும், தட்டை நகர்த்துகிற சத்தத்திலிருந்தும் அவர் என்ன நினைக்கிறார் என்று டீச்சர் தெரிந்துகொள்ளப் பார்த்தாள். ஊரில் எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்ததைத்தான் நினைக்கிறார் என்று கணக்குப் போட்டாள். கணக்கு டீச்சரின் கணக்கு தப்பாகப் போனது.

பன்னிரண்டாம் நாள் காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

"என்னைய ஏன் கூப்பிடல?"

டீச்சருக்கு விளங்கவில்லை. "எதுக்கு?"

"அந்தக் கச்சேரிக்கு."

தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். "கூப்பிட்டா வந்திருப்பியளா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். பன்னிரண்டு நாளாக யோசித்த விஷயத்தையே இன்னொரு தடவை நேர்மையாக யோசித்தார்.

"வந்திருக்க மாட்டேன்" என்றார். "வந்திருக்க மாட்டேந்தான். ஆனா நீ கூப்பிட்டிருக்கணும்."

சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். தோசை கருகியது. டீச்சர் அதை எடுக்காமல் அப்படியே நின்றாள். கால்பங்கு வருத்தமும் முக்கால்பங்கு என்னவென்று தெரியாத ஒன்றும் அவளுக்குள் ஏறிக்கொண்டு வந்தது. சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னாள்: விடுதி, ஈரச் சுவர், தும்-தும், மாமியாரின் குடை. குடையைக் கேட்டதும் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"குடை கெடச்சிதா, இல்லியா?"

"பாட்டுல சொல்லல."

"ஜோலார்பேட்டைல கேட்டிருக்கணும். தொலைஞ்ச சாமானெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்லதான் வைப்பாங்க" என்றார், உண்மையான கவலையோடு.

ஆடி பிறந்து காற்று வந்தது. தூத்துக்குடி ஆடிக்காற்றைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். மணலை அள்ளிக்கொண்டு, கூரைத் தகடுகளைப் பிய்த்துக்கொண்டு, பேசுகிறவன் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கி அடுத்த தெருவில் போடுகிற காற்று. தரையில் கால் ஊன்றி நிற்பவர்களே சாய்ந்துதான் நடக்க வேண்டும் என்றால், ஊன்றத் தரையே இல்லாத முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் என்ன செய்வார்கள்? முதல் நாளே இரும்புக்கடை முதலாளி கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பினவர், அப்படியே தெருவோடு வழுக்கிக்கொண்டு போய்த் துறைமுகக் கேட்டில்தான் நின்றார். உப்பளத்தில் மூன்று பேரை அடுத்த ஊர் எல்லையிலிருந்து டிராக்டரில் ஏற்றி வந்தார்கள். மாநகராட்சி ஆட்டோவில் மைக் கட்டி, எழும்பியவர்கள் அனைவரும் ஆளுக்கு ஐந்து கிலோ உப்பு இடுப்பில் கட்டிக்கொண்டே வெளியே வர வேண்டும் என்று அறிவித்தது. பாதிப்பேர் அப்படியே கட்டிக்கொண்டார்கள். மீதிப்பேர் விளக்குக் கம்பத்திலிருந்து விளக்குக் கம்பத்துக்குத் தாவித் தாவி வேலைக்குப் போனார்கள்.

டீச்சர் காலை ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் கிளம்பினாள். உப்புப் பையை இடுப்பில் கட்டினால் சேலை கசங்கும் என்று வேண்டாமென்றுவிட்டாள். வாசல்படியைத் தாண்டினதுதான் தாமதம், காற்று அவளை ஒரு பாய்மரம்போலப் பிடித்துத் தெருவோடு கொண்டுபோகப் பார்த்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து செல்வின் ஐசக் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தார். கேட்டைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டார். பிறகு, அந்தத் தெருவில் இருபத்தாறு வருடமாகக் குடியிருந்து, எப்போதும் நாலடி முன்னால் நடந்தே பழகினவர், அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நடங்க" என்றாள் டீச்சர், எங்கே பார்ப்பதென்று தெரியாமல்.

நடந்தார்கள். அவர் கனத்த மனிதர். காலை ஊன்றி ஊன்றி வைத்தார். அவள் பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில், சேலை படபடக்க, மிதந்து வந்தாள். ஜன்னல்கள் திறந்தன. சபைக்காரர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவர் அவள் கையை போட்டோவுக்காக மட்டும்தான் பிடித்திருந்தார். பார்த்தவர்கள் ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார்:

"காத்து. விட்டா போயிருவா."

ஆடி முழுக்க அப்படிப் போனார்கள், அப்படி வந்தார்கள். ஆவணியில் காற்று நின்றது. கொடியில் காயப்போட்ட துணி அசையவில்லை. எழும்பினவர்கள் உப்புப் பைகளை அவிழ்த்து வீட்டுக்குள் வைத்தார்கள். விளக்குக் கம்பங்கள் விளக்குக் கம்பங்களாக மட்டும் நின்றன. அப்புறமும் மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், பீச் ரோட்டில் ஒரு இலைகூட ஆடாத புழுக்கத்தில், எதிரே வந்த ஜேசுதாசன் ஐயா நின்று, இருவரையும் பார்த்து, கோர்த்திருந்த கைகளையும் பார்த்தார்.

"செயலாளரே, காத்துதான் நின்னுருச்சே" என்றார்.

செல்வின் ஐசக் கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு, வேலையிலிருந்த காலத்தில் கரண்ட் எப்போது வரும் என்று கேட்ட சனங்களுக்குப் பதில் சொன்ன அதே குரலில் சொன்னார்:

"எந்நேரமும் வரலாம் ஐயா. சொல்ல முடியாது."

கையை விடவில்லை.